22 மொழி வந்தது. தொழிலாளியின் மொழி வந்ததா?



சிவகாசியில் ஏதாவது ஓர் அச்சகத்துக்குள் நுழைந்து பாருங்கள். ஒரு மிஷினில் தெலுங்குக் காலண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த மிஷினில் இந்தி. அதற்கும் அடுத்ததில் மலையாளம். அந்த எழுத்துக்களில் ஒன்றைக்கூட வாசிக்கத் தெரியாத தொழிலாளி, ஒரு புள்ளி பிசகாமல், ஒரு கொம்பு விடுபடாமல் ஆயிரக் கணக்கில் அடித்துத் தள்ளுகிறார். பல மொழிக்காரர் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற தேதித் தாள் அவர் கைபட்டு வந்ததுதான்.

வியாபாரத்துக்கு வேண்டும் என்றால் இந்த ஊருக்கு மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை. தீப்பெட்டித் தொழிலே அப்படித்தான் இங்கு வந்தது. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். வங்காளி பேசும் ஊரில் தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். நூறு ஆண்டு கழிந்துவிட்டது. இன்று வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடித் தொழிலாளிகள் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்களிடம் வேலை வாங்குவதற்கும் மொழி தடையாக இல்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்பதை எந்த மொழியிலும் சொல்லத் தெரிந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள்.

ஆனால், "உனக்கு இன்ன உரிமை உண்டு, அதை இப்படிக் கேட்டு வாங்கு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் மொழி திடீரென்று பெரிய மலையாகிவிடுகிறது. இது ஏன்? சர்க்காரின் இணையதளம் ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

மூன்று ஆண்டு நான்கு மாதம்

2020ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது லட்சக் கணக்கான தொழிலாளிகள் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். அவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், என்ன வேலை என்ற கணக்கு சர்க்காரிடம் இல்லை. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அமைப்புசாராத் தொழிலாளிகளைப் பதிவு செய்யும் இணையதளத்தை ஜூலை 31க்குள் தொடங்கியாக வேண்டும் என்று 2021 ஜூன் 29ல் உத்தரவிட்டது. கெடு தாண்டி, ஆகஸ்ட் 26ல் 'இ-ஷ்ரம்' என்ற தளம் திறக்கப்பட்டது.

16 வயது முதல் 59 வயது வரை உள்ளவர், பி.எப்., ஈ.எஸ்.ஐ. இல்லாதவர், வருமான வரி கட்டாதவர் எவரும் அதில் பதியலாம். வயலில் நாற்று நடுகிறவர், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிறவர், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், கட்டிட வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. பதிந்தவருக்கு 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். 2022 மார்ச் 31க்குள் பதிந்து, அந்தத் தேதிக்குள் விபத்தில் சிக்கியவர் இறந்தாலோ, முழு ஊனம் அடைந்தாலோ 2 லட்சம் ரூபாய். ஓரளவு ஊனம் என்றால் 1 லட்சம் ரூபாய் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தளம் எந்த மொழியில் பேசியது?

22 மொழிகளில் வரும் வரை, ஆங்கிலம், இந்தி, கன்னடம், மராத்தி என்ற நான்கு மொழிகளில்தான் அது கிடைத்தது. தமிழ் இல்லை. தெலுங்கு இல்லை. வங்காளி, ஒடியா இல்லை. 2025 ஜனவரி 7ல்தான் 22 மொழிகளும் வந்தன. அதாவது தொடங்கி மூன்று ஆண்டு நான்கு மாதம் கழித்து! அதற்குள் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிந்து முடித்திருந்தார்கள். இரண்டு லட்ச ரூபாய்க்கான கெடுவும் எப்போதோ முடிந்து போயிருந்தது. விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்குக் கைகொடுக்க வேண்டிய அந்த ஏழு மாதங்களில், நம்முடைய மொழியில் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

கடைக்காரர் கையில் கணக்கு

மொழி இல்லாமல் இத்தனை பேர் எப்படிப் பதிந்தார்கள் என்று கேட்கலாம். வேறொருவர் கையால் பதிந்தார்கள்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, டவுனில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மையத்துக்குப் போகிறார். அங்கே இருக்கிற பையன் திரையைப் பார்த்தபடியே கேட்கிறான்.

"அக்கா, என்ன வேலை பாக்குறீங்க?"

"தீப்பெட்டி ஒட்டுறேன் தம்பி. நடவு வந்தா வயலுக்கும் போவேன்."

திரையில் ஆங்கிலத்தில் நீளமான ஒரு பட்டியல். தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். பையனுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள். கண்ணில் பட்ட ஏதோ ஒன்றை அழுத்துகிறான். வாரிசு பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கிறான். அந்தத் தாயோ, தன்னைப் பற்றித் தன் முன்னாலேயே எழுதப்படுவதை ஓர் அட்சரமும் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். கைரேகையை மட்டும் வைக்கிறார்.

பையன் மேல் குற்றமில்லை, அவனும் கூலிக்காரன்தான். ஆனால் தொழிலின் பெயரோ, வாரிசின் பெயரோ, பாங்கிக் கணக்கின் எண்ணோ பிசகிப் போனால் அது என்றைக்குத் தெரியும்? உதவி கேட்டு வீட்டார் படியேறுகிற அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்குத் திருத்தி என்ன பிரயோஜனம்?

ஓர் இணையதளத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது மொழிப் பெருமைக்காக அல்ல. எழுதியது சரியா என்று தொழிலாளியே, அல்லது பள்ளிக்கூடம் போகிற அவருடைய மகளே, படித்துப் பார்த்து "தப்பு, மாத்து" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறோம்.

மருந்தும் மருந்தும்

இப்போது 22 மொழிகள் வந்திருக்கின்றன. 'பாஷினி' என்ற மத்திய சர்க்காரின் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைக் கொண்டு அதைச் செய்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் மொழிப் பொத்தான்களை வரிசையாக வைத்துவிட்டால் மட்டும் மொழி வந்துவிடாது.

பட்டாசுத் தொழிலில் 'மருந்து' என்றால் என்ன என்று சிவகாசிப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மருந்துக் கலவை, மருந்து அடைக்கிற அறை, மிச்சமான மருந்து என்று தினந்தோறும் புழங்குகிற சொல். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த அந்தக் கலவைக்கு வடக்கே பல மொழிகளில் 'பாரூத்' என்கிறார்கள். இயந்திரத்துக்கு இது தெரியுமா? "மிச்ச மருந்தை அறையில் வைக்காதே" என்ற எச்சரிக்கையை அது ஆஸ்பத்திரி மருந்து என்று மொழிபெயர்த்துவிட்டால், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் என்ன புரிந்துகொள்வான்? காய்ச்சல் மாத்திரையை ஏன் அறையில் வைக்கக்கூடாது என்று சிரித்துவிட்டுப் போவான். சிரித்த இடத்தில் பிணம் விழும்.

இது வெறும் வார்த்தை விவகாரம் அல்ல. முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021, செங்கமலப்பட்டி 2024, சின்னக்காமன்பட்டி 2025 என்று நம் மாவட்டத்தின் துயரப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. முதலிப்பட்டியில் மட்டும் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. இந்த விபத்துக்களுக்கெல்லாம் மொழிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. லாப வெறி, அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பது, உள்குத்தகை, கண்ணை மூடிக்கொள்ளும் பரிசோதனை என்று காரணங்கள் பல. ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்பதெல்லாம் உரிமத்தில் எழுதித்தான் கொடுக்கப்படுகிறது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளிலும் எழுதியிருக்கிறது. அதைத் தன் மொழியில் படித்த தொழிலாளி, "ஐயா, இந்த அறைக்கு இத்தனை பேர்தானே கணக்கு?" என்று கேட்க முடியும். படிக்காதவர் எதைக் கொண்டு கேட்பார்?

சுவரில் இரண்டு, தளத்தில் இருபத்திரண்டு

இந்த நியாயம் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 108வது பிரிவு, ஆலையில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரிகிற ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமும் அதையே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இவற்றின் இடத்துக்கு வந்திருக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த ஒரு நியாயம், சட்டத்தின் பெயர் மாறியதால் செத்துவிடக் கூடாது.

அந்தப் பழைய பிரிவிலும் ஒரு குறை இருந்தது. 'பெரும்பாலானவர்களுக்கு' என்றுதான் அது சொன்னது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் இருநூறு பேர் தமிழர், இருபது பேர் பீகாரிகள் என்றால், அந்த இருபது பேர் என்ன செய்வது? சுவரில் இடம் கொஞ்சம். இரண்டு மொழிக்கு மேல் ஒட்ட முடியாது என்று அன்று சாக்குச் சொன்னார்கள். இணையதளத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அங்கே இரண்டு மொழிக்கும் இடம் உண்டு, இருபத்திரண்டுக்கும் உண்டு, அட்டவணையில் சேராத போஜ்புரிக்கும் உண்டு.

செலவைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்துகிறோம். 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நகல் அறிவிக்கையை மத்திய சர்க்கார் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டு, ஜனங்களே அபிப்பிராயம் சொல்லுங்கள் என்றது. புரியாததற்கு என்ன அபிப்பிராயம் சொல்வது? ஜூன் 30ல் டில்லி ஹைகோர்ட், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதைப் பெயர்த்து இணையதளங்களில் போடு என்று உத்தரவிட்டது. சர்க்கார் என்ன செய்தது? மொழிபெயர்ப்பதற்குப் பதில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கத்தான் மனம் இல்லை.

காலண்டர் தொழிலாளிக்குத் தெரிந்த வித்தை

பல மொழித் தளம் கட்டுவது ஏதோ பெரிய நிபுணர்களுக்கு மட்டும் தெரிந்த மாயம் என்று நம்மை மிரட்டுகிறார்கள். இதன் சூத்திரம் சிவகாசி அச்சுத் தொழிலாளிக்குத் தெரியும்.

காலண்டரை எப்படி அடிக்கிறோம்? படம் எல்லோருக்கும் பொது. அதை முதலில் மொத்தமாக அடித்து வைக்கிறோம். கடையின் பெயருக்கும் தேதிக் கட்டுக்கும் இடம் விட்டு வைக்கிறோம். மதுரைக் கடைக்குத் தமிழில், பெல்லாரிக் கடைக்குக் கன்னடத்தில் பிறகு ஏற்றுகிறோம். இணையதளமும் அதேதான். பக்கத்தின் சட்டம் ஒன்று. அதில் ஏற்றுகிற வாசகங்கள் மொழிக்கு ஒரு கட்டாகத் தனியே இருக்க வேண்டும். ஆங்கில வாசகத்தைச் சட்டத்தோடு சேர்த்து அடித்துவிட்டால், அப்புறம் வேறு மொழியை அதன்மேல் ஒட்டுப்போட வேண்டியதுதான். பாதி தமிழ், பாதி ஆங்கிலமாகப் பல தளங்கள் பல்லை இளிப்பதற்கு இதுவே காரணம். ஆங்கிலத்தில் ஒரு சொல் பிடிக்கிற இடம் தமிழில் மூன்று சொல் கேட்கும் என்பது கம்போஸிங் பார்த்தவருக்குத் தெரியும். முதலிலேயே இடம் விட வேண்டும்.

அடுத்தது எழுத்து. ஒரு காலத்தில் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, ஆபீசுக்கு ஒரு எழுத்துரு என்று தமிழ் சிதறிக் கிடந்தது. 1999ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒழுங்கு செய்தார்கள். 2010ல் தமிழ்நாட்டு சர்க்கார் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே இன்று எந்தச் செல்போனிலும் தமிழ் தெரியும். ஆனாலும் முக்கியமான உத்தரவை போட்டோ எடுத்துத் தளத்தில் ஒட்டுகிற வழக்கம் போகவில்லை. போட்டோவைத் தேட முடியாது. கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் கருவியும் அதை எளிதில் வாசிக்காது.

இன்னும் சில விஷயங்கள் உண்டு. மொழியின் பெயரை அந்தந்த மொழியின் எழுத்திலேயே, முதல் பக்கத்தின் தலையிலேயே எழுத வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் தமிழைக் கண்டுபிடிப்பதற்கு ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? செல்போனுக்கு வருகிற ரகசிய எண்ணின் செய்தியும், "தவறு" என்று தளம் சொல்லுகிற செய்தியும் அதே மொழியில் வர வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் விதி மாறிய அன்றே மற்றப் பக்கங்களிலும் மாற வேண்டும். கடைசியாகத் திருத்திய தேதியைப் போட வேண்டும். எழுத்து வாசிக்காதவருக்குக் குரலாக ஒலிக்க வேண்டும். மலிவான செல்போனிலும் சட்டென்று திறக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் பெயர்த்ததை அந்தத் தொழிலைச் செய்கிற ஆளிடம் படித்துக் காட்ட வேண்டும். கட்டை அடுக்குகிற பெண், மருந்து கலக்கிற ஆள், ஸ்பின்னிங்கில் நிற்கிற தோழர் இவர்கள் "புரிகிறது" என்று சொன்ன பிறகே அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவிலேகூட, தொழிற்பாதுகாப்பு இலாகா 2010ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் மட்டுமல்ல, புரிகிற சொற்களிலும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று முதலாளிகளுக்குச் சொன்னார்கள். அந்த முதலாளித்துவ நாட்டுக்கே தெரிந்த விஷயம் இது!

"அவன் மொழி நமக்கெதற்கு?"

நம்மிலேயே சில தோழர்கள் கேட்கக்கூடும்: "தமிழுக்காகப் போராடுவோம், சரி. வடக்கேயிருந்து வருகிறவனுக்கு அவன் மொழியில் வேண்டும் என்று நாம் எதற்குக் கேட்க வேண்டும்? அவன் வந்து நம் கூலியைக் குறைக்கிறானே?"

கூலியைக் குறைப்பவன் அவன் அல்ல. இன்ன கூலிக்கு உரிமை உண்டு என்று அவனுக்குத் தெரியாமல் இருப்பதால் லாபம் அடைகிற முதலாளிதான் குறைக்கிறான். குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பதை அவன் தன் மொழியில் படித்துவிட்டால், அவனும் நம்மோடு நின்று கேட்பான். அப்போது குறைப்பதற்கு ஆள் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. மருந்து அறைக்குள் நான்கு பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கு விதி தெரியும், ஒருவருக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒருவர் இரும்புக் கருவியை உரசினால், தீப்பொறி மொழி பார்த்தா எரிக்கும்? நாலு பேரையும் சேர்த்துத்தான் எரிக்கும். அவனுக்கு அவன் மொழியில் எச்சரிக்கை வேண்டும் என்று நாம் கேட்பது தர்மத்துக்காக மட்டும் அல்ல, நம் உயிருக்காகவும்தான்.

சங்கரலிங்கனாரின் மண்

இது சங்கரலிங்கனாரின் மாவட்டம். 1956 ஜூலை 27ல் விருதுநகரில் அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். வைத்த கோரிக்கைகள் 12. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவற்றில் தலையாயது. மத்திய சர்க்கார் இந்தியை மட்டும் பயன்படுத்தக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. 75 நாளுக்கு மேல் பட்டினி கிடந்து, அக்டோபர் 13ல் உயிர் துறந்தார். காங்கிரஸ்காரராகவும் காந்தியவாதியாகவும் வாழ்ந்த அவர், தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொன்னார். தோழர்கள் கே.டி.கே. தங்கமணியும் ஜானகி அம்மாளும் அதைப் பெற்றுக்கொண்டு இறுதி மரியாதை செய்தார்கள். பெயர் மாற்றம் 1969 ஜனவரி 14ல் நடைமுறைக்கு வந்தது. ஆட்சி ஜனங்களின் மொழியில் நடக்க வேண்டும் என்ற பாதிக் கோரிக்கை இன்னும் பாக்கி நிற்கிறது. அன்று அது ஆபீஸ் காகிதத்தில் நின்றது. இன்று செல்போன் திரையில் நிற்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பதிந்தவர்கள் எல்லோரும் இ-ஷ்ரம் தளத்தைத் தமிழில் திறந்து, தங்கள் தொழில், வாரிசு, பாங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பதியாதவர்கள் பதியுங்கள். சந்தேகம் இருந்தால் 14434 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். படிக்கத் தெரிந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தெருவில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். புரியாத சொல், பிழையான சொல் இருந்தால் ஒரு நோட்டில் எழுதி, சங்கத்தின் மூலம் அனுப்புங்கள்.

இரண்டாவது, பட்டாசு, தீப்பெட்டி, நூற்பாலை, அச்சு ஆகிய தொழில்களின் பாதுகாப்பு விதிகளும், குறைந்தபட்சக் கூலியும், நஷ்டஈடு கேட்கும் முறையும் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளி மொழிகளில் எழுத்தாகவும் குரலாகவும் உள்ள ஒரு தளத்தை மாவட்ட நிர்வாகம் அமைக்க வேண்டும் என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போடட்டும். எழுதியதைச் சரிபார்க்கும் குழுவில் தொழிலாளிகள் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, சர்க்கார் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கங்களில் அச்சுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள்; கம்ப்யூட்டர் படித்த அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்; ஒடியா பேசும் தோழர்கள் பக்கத்து லைன் வீட்டிலேயே இருக்கிறார்கள். பத்து எச்சரிக்கைகளை நாலு மொழியில் போட்டு ஒரு சின்னத் தளத்தை நாமே தொடங்கலாம்.

ஊரார் மொழியையெல்லாம் ஊரார் சுவரில் தொங்கவிட்ட கை நம்முடையது. அந்தக் கை, தன் உயிரைக் காக்கிற பத்து வரியைத் தன் மொழியில் எழுதிக்கொள்ளாதா? எழுதுவோம்! பக்கத்தில் நிற்கிற தோழனின் மொழியிலும் எழுதுவோம்!